‘கறி’ என்று எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில், பந்தியில் வாளியோடு வருகிறவர் “கறி வைக்கட்டுமாண்ணே?” என்று கேட்டால் அது ஆட்டுக்கறி. சந்தேகமே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் ஓர் ஐயங்கார் வீட்டில் “கறமது இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்றால் இலையில் விழப்போவது வாழைக்காயோ புடலங்காயோதான். யாழ்ப்பாணத்தில் “இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்டால் பருப்பு, கத்தரிக்காய், கணவாய் என எதைச் சொன்னாலும் பதில் சரி.

மூன்று வீட்டாரும் தங்கள் வீட்டுப் பொருள்தான் அசல், மற்றவை பிற்காலத் திரிபு என்று நம்புகிறார்கள். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள், சங்கப் பாடலுக்கு உரை சொல்கிறவர்கள், உணவு வரலாறு பேசி வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் சறுக்குவது பெரும்பாலும் இந்த நம்பிக்கையில்தான்.

மிளகு மூட்டையை இறைச்சி மூட்டை ஆக்குவது

முதல் சறுக்கல் சங்க இலக்கியத்தில். அகநானூறு 149ஆம் பாட்டில் யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் கப்பல் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வருகிறது: “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்.” பொன்னைக் கொடுத்துவிட்டு எதை ஏற்றிக்கொண்டு போனார்கள்? மிளகை. இன்றைய காதுக்குக் ‘கறியொடு’ என்றதும் வேறு ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. புறநானூறு 343இல் முசிறி வீடுகளில் குவிந்து கிடக்கும் ‘கறிமூடை’யும் மிளகு மூட்டைதான். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வண்டியில் வந்து இறங்கும் சரக்கைச் சொல்லும்போது “காலின் வந்த கருங்கறி மூடையும்” என்று நிறத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. குறுந்தொகை 288இல் ‘கறிவளர் அடுக்கம்’ வருகிறது: மிளகுக்கொடி படர்ந்த மலைச்சாரல். வளர்கிறது என்று பாட்டே சொல்லும்போது குழப்பத்துக்கு இடமில்லை.

சமையலுக்குள்ளேயே இந்தக் கறி நுழையும் இடம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அந்தணர் வீட்டு விருந்து அது. பசுவின் மோரில் கடைந்தெடுத்த வெண்ணெயில் வேகும் மாதுளம்பிஞ்சுத் துண்டுகள், அதில் கலந்த கறி, அதோடு ‘கஞ்சக நறுமுறி’, அதாவது கறிவேப்பிலைக் கொழுந்து. பக்கத்தில் மாவடு ஊறுகாய். மாதுளையும் மிளகும் கறிவேப்பிலையும் வெண்ணெயும் சேர்ந்த இந்தப் பக்குவத்தை இன்றைக்கும் ஒரு வாணலியில் செய்து பார்க்கலாம். இதில் ‘கறி கலந்து’ என்ற இடத்துக்கு இறைச்சி என்று பொருள் எழுதினால் அந்த வீட்டுக்காரர் நம்மை வாசலோடு அனுப்பிவிடுவார்.

நேர்கோட்டுக் கதை சொல்வது

சரி, கறி என்றால் மிளகு. மிளகு போட்டுச் சமைத்ததால் அந்த உணவுக்கும் கறி என்று பெயர் வந்தது. பிறகு அது இறைச்சியைக் குறித்தது. இப்படி மூன்று படியில் முடிந்துவிடும் ஒரு கதை ஊரெங்கும் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பாடல்களே இதற்கு ஒத்துழைப்பதில்லை.

மேலே சொன்ன ‘கறிவளர் அடுக்கம்’ கபிலர் பாட்டு. அதே கபிலர் புறநானூறு 14ஆம் பாட்டில், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் தன் கையைப் பற்றி ‘மென்மையாக இருக்கிறதே’ என்று வியந்ததற்கு விடை சொல்கிறார்: உன்னைப் பாடுவோரின் கைகள் “ஊன்துவை கறிசோறு” உண்டு வருந்துவதைத் தவிர வேறு வேலை அறியாதவை, அதனால்தான் மென்மை. அரசனுக்கு இதைவிட நயமாக நன்றி சொல்ல முடியாது. அதை விடுங்கள். இங்கே ஊன், துவையல், சோறு ஆகியவற்றின் வரிசையில் கறி ஒரு தொடுகறியாகவே வருகிறது என்பதுதான் பொதுவான உரை. ஒரே புலவர் வாயில் மிளகுக்கும் கறி, சோற்றோடு உண்ணும் பண்டத்துக்கும் கறி. ஒன்று போய் மற்றது வந்ததாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன. போதாக்குறைக்குக் கறித்தல் என்ற வினையும் இருக்கிறது: கடித்துத் தின்னுதல். ஆடு தழையைக் கறிக்கிறது என்கிறோமே, அது.

காலப்போக்கில் மிளகு என்ற பெயர் நிலைத்துவிட்டது, கறி அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது என்று எழுதலாம். அதற்கு மேல் படிப்படியாக அடுக்க வேண்டாம்.

கறி என்றால் இறைச்சிதான், இல்லை காய்தான் என்று சண்டை போடுவது

இந்தச் சண்டைக்குக் கல்வெட்டுகளே போதும். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு, கோயிலில் நாள்தோறும் படைக்க வேண்டியவற்றைச் சொல்லும்போது காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரிக்கிறது. பச்சைக்காய், புளி விட்டது, வேகவைத்தது, பொரித்தது. சாமிக்குப் படைத்ததால் இதில் இறைச்சிக்கு வேலையில்லை. சோழர் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது ஆகியவற்றோடு கறியமுதும் வரும். வைணவ வீடுகளின் ‘கறமது’ இந்தக் கறியமுதுதான், வாயில் தேய்ந்து வந்த வடிவம். ரசத்தைச் சாத்தமுது என்பதும் பாயசத்தைத் திருக்கண்ணமுது என்பதும் அதே அடுப்பின் சொற்கள்.

அப்படியானால் காய்தான் அசல் என்று கிளம்புகிறவர்கள் 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தையும் பார்க்க வேண்டும். இளையான்குடி மாறனார், மழை இரவில் வந்த அடியாருக்காகத் தோட்டத்துக் குழியில் இன்னும் வளராத குறும்பயிரைத் தடவிப் பறித்து மனைவியிடம் கறிக்குக் கொடுக்கிறார். கீரைதான் அங்கே கறி. அதே நூலில் சிறுத்தொண்டர் வீட்டில் சமைக்கப்படுவது பிள்ளைக்கறி. ஒரே புலவர், ஒரே நூல். ஓரிடத்தில் கீரை, ஓரிடத்தில் இறைச்சி. சேக்கிழாருக்கு எந்தக் குழப்பமும் இல்லை, ஏனென்றால் அவருக்குக் கறி என்பது அடுப்பிலிருந்து இறங்கிச் சோற்றுக்குத் துணையாக வரும் பண்டம். எதால் ஆனது என்பது அடுத்த கேள்வி. சிறுத்தொண்டர் கதையில் வெட்டுவது இறைச்சி, மசாலை கூட்டிச் சமைத்த பிறகுதான் அது கறி.

பிற்பாடு நடந்ததுதான் சுவாரசியம். தட்டில் இருந்த சொல் கடைக்கு இறங்கிவிட்டது. “அரைக் கிலோ கறி போடுங்க பாய்” என்கிறோம். இன்னும் அடுப்பையே பார்க்காத பச்சை இறைச்சி அது. காய்க்குக் கூட இதுவே நடந்தது: காய்கறிக் கடையில் கிடப்பதெல்லாம் பச்சைக்காய்தான், ஆனால் பெயரில் கறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமைத்ததன் பெயர் சமைக்கப்போவதன் மேல் ஏறிக்கொண்டது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இறைச்சிப் பக்கம் தனிச்சொல்லாக நின்றுவிட்டது, காய்ப்பக்கம் கூட்டுச்சொல்லாக மட்டும் மிஞ்சியது. ஈழத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே இறைச்சி இறைச்சிதான், காய் மரக்கறி, சமைத்தால் எல்லாமே கறி. சைவச் சாப்பாட்டை ‘மரக்கறிச் சாப்பாடு’ என்பார்கள். நாஞ்சில் நாட்டில் தொடுகறி என்ற சொல் இன்னும் பழைய பொருளோடு பந்தியில் உலவுகிறது.

கறிமஞ்சள், கறியுப்பு என்ற சொற்களைப் பார்த்து ‘கறிக்குப் போடும் மஞ்சள்’ என்று மட்டன் நினைவோடு பொருள் எழுதியவர்களும் உண்டு. கறிமஞ்சள் என்றால் பூசும் மஞ்சள் அல்ல, சமையல் மஞ்சள். கறியுப்பு, சித்த வைத்திய நூல்களில் வரும் நம் சோற்றுப்பு.

கோழிக் ‘கரி’

ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் பலகைகளில் ‘ஆட்டுக் கரி’, ‘கரிக்கடை’ என்று எழுதி வைக்கிறார்கள். கரிக்கடை என்றால் அடுப்புக்கரி விற்கும் கடை. கரிக்கு யானை என்றும் பொருள், சாட்சி என்றும் பொருள். திருக்குறளில் “இந்திரனே சாலுங் கரி” என்பது இந்திரனே போதுமான சாட்சி என்று சொல்கிறது; அந்தக் குறளுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை. திருவள்ளுவர் இறைச்சியைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஊன், புலால் என்றுதான் சொல்கிறார். ஒற்று மிகுமா என்ற சந்தேகத்துக்கும் இங்கேயே பதில்: கறிக்கடை, கறிக்குழம்பு, கறித்தூள். ஒற்று விட்டு ‘கறி கடை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டாலும் அச்சில் வேண்டாம்.

ஆங்கிலக் கதைகளை அப்படியே நம்புவது

ஆங்கிலப் புத்தகங்களில் தமிழ்க் கறிக்கு ‘சோற்றில் ஊற்றும் குழம்பு’ என்று ஒரு பொருள் எழுதி வைத்திருப்பார்கள். அதைத் தமிழிலும் மொழிபெயர்த்துப் போட்டுவிடுகிறோம். ஊற்றுவதற்கு நம்மிடம் குழம்பு இருக்கிறது, சாறு இருக்கிறது, ஆணம் இருக்கிறது. கறி உலர்ந்தும் இருக்கலாம், நீர்க்கவும் இருக்கலாம். மலையாளத்தில் ஊற்றிக்கொள்ளும் வகையை ஒழிச்சுகறி என்று தனியாகப் பெயரிட்டே சொல்கிறார்கள். கறி என்றாலே திரவம் என்றிருந்தால் அந்த அடைமொழி எதற்கு?

அடுத்தது எதிர்த்திசைக் கதை: கறி என்பதே ஆங்கிலேயச் சொல், 1390 வாக்கில் அரசர் இரண்டாம் ரிச்சர்டின் சமையல்காரர்கள் தொகுத்த நூலின் பெயரிலேயே ‘கியூரி’ இருக்கிறது என்பார்கள். அந்தக் கியூரி பிரெஞ்சு வழி வந்தது, சமையல் என்று மட்டுமே பொருள். ஓசை ஒத்துப்போனது தற்செயல். கறி ஐரோப்பாவுக்குப் போனது போர்த்துகீசியர் வழியாக. கோவாவில் 1563இல் அச்சான, போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா டா ஓர்டாவின் மருந்துச்செடி நூலில் ‘கரில்’ வந்துவிடுகிறது. அவர்கள் அதைத் தமிழர் வாயில் கேட்டார்களா, மலையாளிகள் வாயிலா என்று பிரித்துக் கொடி நாட்டுவதும் வேண்டாத வேலை. இரண்டு மொழிக்கும் பொதுச்சொல் அது.

‘வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததுதான் கறி’ என்பதில் பாதி உண்மை உண்டு. சொல் நம்முடையது; எந்தக் குழம்புக்கும் ஒரே பெயர், எதற்கும் ஒரே பொடி என்ற எண்ணம் அவர்களுடையது. அதுவும் முதல் நாளிலேயே வரவில்லை. ஹன்னா கிளாஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1747இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் ‘இந்திய முறைக் கறி’ இருக்கிறது. இரண்டு கோழி அல்லது முயல், மூன்று நான்கு சிறு வெங்காயம், ஒரு பெரிய கரண்டி அரிசி, 30 மிளகு. மல்லி விதையை நெருப்பள்ளும் கரண்டியைச் சுத்தமாகத் துடைத்து அதில் வறுத்துப் பொடிக்கச் சொல்கிறார். உப்பு, தண்ணீர், கடைசியில் ஓர் உருண்டை வெண்ணெய். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, சீரகம்கூட இல்லை. மஞ்சளும் இஞ்சியும் பிந்தைய பதிப்புகளில்தான் சேர்ந்தன. மல்லியும் மிளகும் மட்டும் போட்ட கோழி என்றால் நம் ஊர்ப் பத்திய சமையலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முப்பது என்று எண்ணிப் போடச் சொன்ன அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மிளகாய் பற்றி ஒரு வரி. அது போர்த்துகீசியர் வந்த பிறகு இங்கே வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படியே கடல்கடந்தவைதான். ‘சங்ககாலக் கறிக்குழம்பு’ என்று மெனுவில் போட்டு வரமிளகாயும் தக்காளியும் அரைத்து ஊற்றுகிற ஓட்டல்கள் பெயரையாவது மாற்றிக்கொள்ளலாம்.

கறிவேப்பிலை

வேம்பு இலை போலிருக்கும், கறிக்கு உதவும். அதனால் கறிவேப்பிலை. பேச்சில் கருவேப்பிலை, கருகப்பிலை என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம், எழுத்தில் றகரம் இருக்கட்டும். மலையாளத்திலும் கறிவேப்பிலதான். வெளிநாட்டு வாசகருக்காக எழுதும்போது, கடையில் விற்கும் கறிப்பொடி இந்த இலையை அரைத்தது அல்ல என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, சமையல் குறிப்பு மொழிபெயர்க்கிறவர்களுக்கு. தாய்லாந்தின் ‘கேங்’ ஆங்கிலத்துக்குப் போய்க் கர்ரி ஆகி, தமிழுக்கு வந்து ‘பச்சைக் கறி’ ஆகிவிடுகிறது. படிக்கிறவர் வேகாத இறைச்சி என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தேங்காய்ப்பால் குழம்பு என்று எழுதினால் முடிந்தது. ஜப்பானியர்களுக்குக் கர்ரி இங்கிலாந்து வழியாகப் போனது, 1872லேயே அவர்கள் சமையல் நூல்களில் ஏறிவிட்டது, மாவு கரைத்துக் கெட்டியாக்குவார்கள். அதைக் ‘கரே’ என்று அவர்கள் பெயராலேயே எழுதலாம். வட இந்திய ஓட்டல் உணவென்றால் மசாலா, குருமா, கிரேவி என்று எது பொருந்துமோ அது. ‘வெஜிடபிள் கறி’ என்று மட்டும் எழுதாதீர்கள். அம்பாசமுத்திரத்துக் கல்தச்சருக்குக்கூட அதில் எந்த வகை என்று புரிந்திருக்காது.