ட்ராக்கில் முட்டிய காரைக் குளிப்பாட்டாதீர்கள்

போன மாதம் திருநெல்வேலிப் பேட்டையில் இருக்கிற என் ஷெட்டுக்கு ஒரு தம்பி பழைய ஸ்விஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தான். புது பம்பர், புது பெயிண்ட், ஹெட்லைட் கூடப் புதுசு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது வண்டி. மூன்று வாரத்துக்கு முன்னால் ட்ராக்கில் டயர் சுவரில் போய் முட்டியது என்று அவன் சொல்லித்தான் தெரியும். "எல்லாம் முடிச்சாச்சு அண்ணாச்சி. ஸ்டீயரிங் மட்டும் லேசா இடப்பக்கம் இழுக்கு. ஒரு அலைன்மென்ட் பார்த்தா சரியாயிரும்லா?"

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே நம்பிக்கையோடு நானும் ஒருவரிடம் கேட்டவன்தான். எரிச்சல் அந்தக் கேள்வி மேல்.

நெல்லைப் பக்கம் ரேஸ் ட்ராக் கிடையாது. ஓட்ட ஆசைப்பட்டால் கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லாவிட்டால் சென்னையை ஒட்டி இருங்காட்டுக்கோட்டை. முட்டிய வண்டியை அங்கிருந்து முந்நூற்றைம்பது, அறுநூறு கிலோமீட்டர் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டில் அப்பா கேட்பார், தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள். நம் பையன்கள் செய்கிற தப்பில் பாதி இந்த வெட்கத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் ஒழுகினால் இறங்கு, கில் சுவிட்சை அணை என்பதெல்லாம் டிரைவர் பிரீஃபிங்கிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு நாம் செய்கிற தப்புகளைத்தான் ஒவ்வொரு தலைப்பாக வைத்திருக்கிறேன்.

வண்டி நின்றதும் இறங்கி பம்பரைப் பார்ப்பது

தீயும் புகையும் பெட்ரோல் ஒழுகலும் இல்லையென்றால் வண்டிக்குள் இருப்பதுதான் பத்திரம். நீங்கள் சிந்திய ஆயில் மேலேயே வழுக்கிக்கொண்டு பின்னால் ஒருவன் வரலாம். உள்ளே இருந்தால் ரோல் கேஜ் என்கிற இரும்புக் குழாய்க் கூண்டு காப்பாற்றும். கதவோரம் குனிந்து நிற்கிற ஆளுக்கு என்ன இருக்கிறது? மஞ்சள் கொடி ஆடுகிறது, எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று நம்பவேண்டாம். மார்ஷலுக்குக் கட்டைவிரலைக் காட்டுங்கள். அவர் எந்தப் பக்கம் இறங்கச் சொல்கிறாரோ அந்தப் பக்கம் இறங்கி, தடுப்புக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கழுத்து வலித்தால் அசையாமல் இருங்கள். மருத்துவக் குழு வருகிறவரை ஹெல்மெட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, உதவிக்கு ஓடிவருகிற நண்பன் உட்பட.

"ஒண்ணும் இல்லண்ணே"

இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பயம். எங்களோடு வந்த ஒரு பையன் முட்டிவிட்டு, ட்ராக்கோரம் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற பிட்டுக்கு நடந்தே வந்தான். சிரித்தான், தண்ணீர் குடித்தான், "நான் எத்தனாவது வந்துட்டு இருந்தேன்?" என்றான். ஏழாவது என்றேன். சரி என்று தலையாட்டினான். இரண்டு நிமிஷம் கழித்து அதே கேள்வி. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தலையில் காயம் இல்லை, ஹெல்மெட்டில் பெரிய கீறலும் இல்லை. ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதற்கு அதெல்லாம் தேவையில்லை.

அன்றைக்கு அவனை மறுபடி ஓட்டவிடாததும், ஊருக்குத் திரும்பும்போது ஸ்டீயரிங்கைக் கொடுக்காததும் நாங்கள் செய்த இரண்டு நல்ல காரியங்கள். ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகாதது கெட்ட காரியம். வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிசாகத் தெரிவது, பேச்சுக் குழறல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது. ஒன்றுமே தெரியாவிட்டாலும் ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள். உடம்பு வலி மறுநாள் காலையில்தான் வரும். முட்டிய சூட்டில் எதுவும் வலிக்காது.

பிட்டில் சண்டை

வீடியோவைப் பாருங்கள். பாதித் தடவை தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்

வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிய பிறகு.

ஓட்டிக்கொண்டே ஊர் திரும்புவது

நான் செய்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ரேடியேட்டர் ஒழுகவில்லை, அப்புறம் என்ன என்று கிளம்பிவிட்டேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வரை தொந்தரவில்லை. மதுரை தாண்டியதும் இடது முன் சக்கரத்தில் ஒரு முனகல். காற்றுச் சத்தம் என்று நினைத்துப் பாட்டைக் கூட்டி வைத்தேன். கோவில்பட்டியில் அது உறுமலாக மாறியது. கயத்தாறுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரம் கட்டிவிட்டு ரிம் பக்கம் கையைக் கொண்டுபோனேன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. முட்டியபோதே வீல் பேரிங் அடி வாங்கியிருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது, ஓடினால்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊருக்குப் பக்கத்தில் ரிக்கவரி வண்டிக்காகக் காத்து நின்றேன். அதே சக்கரம் நான் நூறில் போகும்போது கழன்றிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

லாரி வாடகை பெரிசாகத் தெரிந்தால் அதை என்ட்ரி ஃபீஸோடு சேர்த்தே எடுத்துவையுங்கள். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ரோல் கேஜ் போட்ட வண்டியை ரோட்டில் ஓட்டினால் அது தனி வம்பு. பதிவில் உள்ள வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது.

அளக்காமல் டிங்கரிங்குக்கு விடுவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கயத்தாறிலிருந்து வந்ததும் பேரிங்கை மாற்றினேன். கோளாறு அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக வண்டியைக் குளிப்பாட்டினேன். பிரஷர் வாஷ், ஷாம்பு, அடிப்பக்கம் வரைக்கும். ட்ராக்கோரத்துச் செம்மண் எல்லாம் போனது. அதோடு, வண்டி எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல இருந்த சாட்சியும் போனது.

முட்டிய காரில் அழுக்குக்கு ஒரு பாஷை உண்டு. சக்கரப் பிடிகளைத் தாங்குகிற சப்ஃபிரேம் சட்டத்தின் போல்ட் துளி நகர்ந்திருந்தால் அதைச் சுற்றிப் பல வருஷமாகப் படிந்த அழுக்கு வளையம் விலகி, பளபளவென்று பிறை மாதிரி இரும்பு தெரியும். தகடு மடங்கிய இடத்தில் பெயிண்ட் சுருங்கியிருக்கும். இரண்டு தகடு சேர்கிற இடத்தில் சீலன்ட் முடி அளவுக்கு வெடித்திருக்கும். இதெல்லாம் கழுவாத வண்டியில், டார்ச் வெளிச்சத்தில், மல்லாந்து படுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும். முதலில் போட்டோ எடுங்கள், ஐம்பது எடுங்கள். உடைந்த பிளாஸ்டிக்கைக் கூடக் குப்பையில் போடாதீர்கள். எந்தப் பக்கமிருந்து அடி விழுந்தது என்பதை அது சொல்லும்.

நான் இது எதையும் செய்யவில்லை. நேராக டிங்கரிங். மட்கார்டை இழுத்துத் தட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பத்து நாளில் வண்டி புதுசு. தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆனால் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது.

அலைன்மென்ட் பார்த்தேன். கடைக்காரர் பேப்பரைக் கொடுத்தார். டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு, பச்சையில் இருந்தது. காஸ்டர், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கிற அளவு, சிவப்பில் இருந்தது. "அது அப்படித்தான் காட்டும் சார்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. என் ஸ்விஃப்டின் முன் சக்கரத்தில் திருகிச் சரிசெய்ய முடிகிற ஒரே விஷயம் டோ. காஸ்டரைத் திருத்த அங்கே போல்ட்டே கிடையாது. அது சிவப்பில் இருக்கிறதென்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது இடம் மாறியிருக்கிறது. அலைன்மென்ட் மெஷின் நோயைக் காட்டியது. நாங்கள் மருந்து கேட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தோம். இன்னும் இரண்டு கடை, அதே பேப்பர். ஒரு ஜோடி டயர் உள்விளிம்பு தேய்ந்து போனது. டயர்தான் காரணம் என்று புதுசு போட்டேன்.

அடுத்த ரேஸில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் அழுத்தி பிரேக் போட்டேன். வண்டி இடப்பக்கம் பாய்ந்து, பக்கத்தில் வந்தவனையும் இழுத்துக்கொண்டு வெளியே போனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை.

அப்புறம்தான் மேலப்பாளையத்தில் லாரி சேசிஸ் நிமிர்த்துகிற ஒரு பாயிடம் போனேன். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "என்ன வே, பூ வச்சுப் பொட்டு வச்சுக் கொண்டாந்திருக்கீரு? எலும்பு முறிஞ்சவனுக்குப் பவுடர் போட்டா நடந்திருவானா?" என்றார். ஸ்டீயரிங்கை நேராக வைக்கச் சொல்லி டேப்பைப் பிடித்தார். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை வலப்பக்கம் 2390 மில்லிமீட்டர். அந்த மாடல் ஸ்விஃப்டுக்கு அதுதான் கணக்கு. இடப்பக்கம் 2378.

பன்னிரண்டு மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம் கூட இல்லை. அடி வாங்கிய சக்கரம் அவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறது. சக்கரத்தின் கீழ்ப்பிடி பின்னால் போனால் அந்தப் பக்கத்துக் காஸ்டர் குறையும், குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும். இந்த ஒரு அளவை எடுக்க ஒரு டேப்பும் ஐந்து நிமிஷமும் போதும். நான் ஒரு சீசனையே செலவழித்தேன்.

அவர் காட்டிக்கொடுத்த மற்றொரு வேலையை இன்றுவரை என் ஷெட்டில் செய்கிறேன். வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, அடிப்பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற நாலு ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தால் கூடு, அதாவது வண்டியின் பாடி, தப்பித்தது. அதற்கு மேல் போனால், வண்டியை இறுகக் கட்டி அளவு பார்த்து இழுக்கிற ஜிக் பெஞ்ச் இருக்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும். சுத்தியலோடு நிற்கிறவரிடம் கொடுக்காதீர்கள். தகட்டைச் சிவக்கச் சூடு காட்டி நிமிர்த்துகிற வேலையும் வேண்டாம், இந்தக் காலத்து உறுதியான எஃகு அந்தச் சூட்டில் தன் பலத்தை இழக்கும். சக்கரத்தைப் பிடித்துத் திருப்புகிற லோயர் ஆர்ம், டை ராட், நக்கிள் மூன்றில் எது வளைந்தாலும் புதுசுதான். ரிம்மில் சந்தேகம் இருந்தால் அதுவும்.

அளவு, கூடு, அடிப்பாகங்கள், அலைன்மென்ட். பட்டியும் பெயிண்டும் கடைசி. நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். செய்துவிட்டு என்னிடம் வந்து, லேசாகத்தான் இழுக்கிறது என்கிறார்கள்.

பழைய பெல்ட்டையே மாட்டிக்கொள்வது

பெல்ட் ஒரு தடவை உங்களைப் பிடித்து நிறுத்தியதென்றால் அதன் இழைகள் நீண்டுவிட்டன. அந்த நீட்சியில்தான் உங்கள் விலா தப்பித்தது. இரண்டாவது தடவை நீள அதில் மிச்சம் இல்லை. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மக்கோல் மாதிரியான பஞ்சும் ஒரு முறைதான் நசுங்கும். வெளி ஓடு பளபளப்பாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை. ஃபைபர் சீட்டின் கவரைக் கழற்றிப் பின்பக்கம் விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

ஹெல்மெட்டைத் தோளோடு பிணைத்துக் கழுத்தைக் காக்கிற ஹான்ஸ் சாதனம் வெள்ளைக்காரன் படம் என்று சிரிக்கிறவர்களும் நம்மிடம் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் டேட்டோனா ட்ராக்கில் ரேஸ் டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடித்தள முறிவில். அந்த மாதிரி முறிவைத் தடுக்கத்தான் அந்தச் சாதனமே. ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் அது கட்டாயம்.

இன்ஷூரன்ஸ்காரருக்கு அல்வா கொடுப்பது

ஊர் அப்படி என்பதால் இந்த யோசனை எல்லாருக்கும் வருகிறது போல. நாங்குநேரிப் பக்கம் ஆடு குறுக்கே வந்தது, ஒதுங்கினேன், கல்லில் முட்டிவிட்டேன் என்று ஒரு பையன் கிளெய்ம் போட்டான். சர்வேயர் வந்து பார்த்தார். பம்பரில் டயர் சுவரின் கறுப்பு ரப்பர், கதவில் நம்பர் ஸ்டிக்கர் உரித்த சதுரம், உள்ளே ரோல் கேஜ். "ஆடு டயர் போட்டிருந்ததா தம்பி?" என்று மட்டும் கேட்டாராம்.

உங்கள் பாலிசியைத் திருப்பிப் பாருங்கள். ஒழுங்குசெய்யப்பட்ட ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி ட்ரையல் இவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று பயன்பாட்டு வரம்பில் அச்சடித்தே இருக்கும். ட்ராக்கில் போகிற பணம் உங்கள் பணம். பொய்க் கிளெய்ம் போட்டால் பணத்தோடு போலீஸும் சேரும்.

சரிசெய்த வண்டியை பைபாஸில் சோதிப்பது

கூடாது. பிராக்டீஸ் நாளில் ட்ராக்கிலேயே மெதுவாக மூன்று சுற்று ஓட்டி, நிறுத்தி, வீல் நட்டையும் கீழ்ப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டியை அன்றைக்கே அளந்தோம். இடப்பக்கம் 2383. டேப்பின் மறுமுனையை அவனே பிடித்திருந்ததால் என்னோடு வாதாட அவனுக்கு வழியில்லை. "புது பெயிண்ட் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். லோயர் ஆர்ம் மதுரையிலிருந்து வரவேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, காசு கொடுத்துப் பூசிய பட்டியை அவனே சுரண்டிக்கொண்டிருக்கிறான்.