பேனலிலிருந்து நேராகச் சுடுதண்ணி: பேட்டரியும் வேண்டாம், இன்வெர்ட்டரும் வேண்டாம்

எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஈபி லைன் கிடையாது. தென்னை மட்டை எரித்துச் சுடுதண்ணி போட்டு அம்மாவுக்கு அலுத்துவிட்டது, என்னிடம் பழைய 335 வாட் பேனல் மூன்று சும்மா கிடந்தன. இதற்கென்று புதிதாகப் பேனல் வாங்கப் போகிறீர்கள் என்றால் நில்லுங்கள், அதே இடத்தில் கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர் இன்னும் நிறையச் சூட்டைப் பிடிக்கும். கையில் பேனல் இருப்பவர்கள் மேலே படியுங்கள்.

கெய்சர் காயிலுக்கு ஏசி, டிசி என்ற பேதமே இல்லை, எது ஓடினாலும் சூடாகும். பார்க்க வேண்டியது ஓம் கணக்கு, அதாவது காயில் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. 2000 வாட் காயிலை மல்டிமீட்டரில் பிடித்தால் 26 ஓம் காட்டும். என் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் 37.8 வோல்ட், 8.87 ஆம்பியர் என்று இருக்கிறது. முதலில் ஆர்வக்கோளாறில் ஒரே ஒரு பேனலை மாட்டினேன், மொட்டை வெயிலில் 70 வாட்தான் வந்தது. பேனல் மேல் குறையில்லை, அந்த வோல்ட்டேஜ் 26 ஓமுக்குள் அவ்வளவு கரண்டைத்தான் தள்ளும்.

மூன்றையும் சீரிஸில், அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் சேர்த்துப் போட்டால் சுமார் 113 வோல்ட். அதை 8.87ஆல் வகுத்தால் 13 ஓம், அந்த அளவு காயில் இருந்தால் உச்சி வெயிலில் முழு 1000 வாட்டும் இறங்கும். ஆனால் உச்சி வெயில் எத்தனை மணி நேரம் இருக்கும்? வெயில் பாதியானால் கரண்ட் பாதியாகிறது, அதே காயிலில் வோல்ட்டேஜும் கூடவே பாதியாகிறது, ஆகப் பவர் கால்வாசிதான். அதனால் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல் ஓம் வைப்பதே லாபம். நான் 3000 வாட் காயில் போட்டேன், 17.6 ஓம். மத்தியானம் கொஞ்சம் இழந்தாலும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நன்றாக இழுக்கிறது. 50 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 1.9 யூனிட் போதும், மேகம் இல்லாவிட்டால் இரண்டு மணிக்குள் ஆகிவிடும். பச்சைத் தண்ணீர் பாதிக்குப் பாதி கலந்தால் நூறு லிட்டர், குளிக்கத் தாராளம்.

இனிதான் ஆபத்தான இடம்: தண்ணீர் சூடானதும் கரண்டைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் காண்டாக்ட் பிரியும்போது வரும் தீப்பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அது எளிதில் அணையாது. என் கெய்சரில் இருந்த தெர்மோஸ்டாட் இரண்டாம் நாளே ஒட்டிக்கொண்டது, வென்ட் குழாயில் புஸ்ஸென்று ஆவி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் காண்டாக்ட் இரண்டும் உருகி ஒரே பொட்டாகக் கிடந்தன.

ஆகவே காயில் கரண்டைத் தெர்மோஸ்டாட் வழியாக விடாதீர்கள். வீட்டு விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து (சூடாக்க அல்ல, இந்த வேலைக்கு மட்டும்) சின்ன லைன் ஒன்றைத் தெர்மோஸ்டாட் வழியே எடுத்து, அதை வைத்து எஸ்எஸ்ஆரை (காண்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே சுவிட்ச்) இயக்கி, காயில் கரண்டை அதன் வழியாக விடுங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் எஸ்எஸ்ஆர் என்று கேட்டால் முதலில் கையில் தருவது '40டிஏ', அது ஏசி லோடுக்கானது, டிசியில் ஒருமுறை ஆன் ஆனால் வெயில் போகும்வரை ஆஃப் ஆகாது. டிசி லோடுக்கான 'டிடி' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வோல்ட்டேஜ் அளவையும் பாருங்கள் (லோடு இல்லாதபோது மூன்று பேனலும் சேர்ந்து 138 வோல்ட் வரை போகும்), ஹீட் சிங்க் இல்லாமல் மாட்டாதீர்கள். எஸ்எஸ்ஆர் கெட்டால் பெரும்பாலும் ஆனிலேயே நின்றுவிடும், அதனால் வென்ட் குழாயை ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கித் திறந்தே விடுங்கள். அது முடியாத வீட்டில் பிரஷர் ரிலீஃப் வால்வு கட்டாயம்.

மற்றபடி 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) சோலார் கேபிள், டிசி எம்சிபி (ட்ரிப் ஆகும் சுவிட்ச்), கெய்சர் பாடிக்கு எர்த். எம்சிபியில் பிளஸ் மைனஸ் குறித்திருந்தால் மாற்றிப் போடாதீர்கள், சுவரில் இருக்கும் சாதாரண 15 ஆம்பியர் சுவிட்ச் பக்கமே போகாதீர்கள். பகலில் பேனலை ஆஃப் பண்ண வழியில்லை, வயரிங் வேலையை இருட்டிய பிறகு செய்யுங்கள், இல்லையென்றால் பேனல் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டுத் தொடுங்கள். அப்புறம், எங்கள் போர் தண்ணீர் உப்பு, ஆறு மாதத்தில் காயில் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறிவிடுகிறது. கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டால் காலையில் உரிந்து வந்துவிடும்.