லேஞ்சி போட்ட சீட் யாருடையது? மலையகக் கோச்சியில் இடம் பிடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தைப்பொங்கல் முடிந்து கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நானுஓயாவில் ஏறினேன். பதுளையிலிருந்து வந்த ரயில், எங்கள் பேச்சில் கோச்சி. நுவரெலியா பார்க்கப் போகிறவர்கள் அங்கே இறங்கியதால் மூன்றாம் வகுப்பில் கொஞ்சம் இடம் இருந்தது. என்னோடு ஏறிய இரண்டு பையன்கள் ஒரு நிமிடத்துக்குள் எட்டு சீட் பிடித்துவிட்டார்கள். ஒன்றில் லேஞ்சி என்கிற கைக்குட்டை, ஒன்றில் தண்ணீர்ப் போத்தல், ஒன்றில் குடை, ஒன்றில் கழற்றிய ஜாக்கெட், மற்றதிலெல்லாம் பைகள். தலவாக்கலையில் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண், "தம்பி, இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். "ஆள் வருது அக்கா, ஹட்டன்ல ஏறுவாங்க" என்றான் ஒருவன்.

நான் எழுந்து என் இடத்தை அவருக்குக் கொடுத்தேன். பையனைத் திட்ட வாய் வரவில்லை. அதே வார்த்தையை, அதே தொனியில், அவன் வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் எடுக்காமல் ஏறுவது, மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்பில் போய் உட்காருவது, முன்பதிவுப் பெட்டியில் அடுத்தவர் நம்பரில் இருப்பது, இவையெல்லாம் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது நம்பர் இல்லாத பெட்டிகளைப் பற்றி மட்டும்தான். நம்மில் பெரும்பாலானோர் போவதும் அதில்தானே. முன்பதிவு 30 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகிற சீட்டெல்லாம் சீக்கிரமே முடிந்துவிடும். புறக்கோட்டையில் கடையில் நிற்கிற பிள்ளைக்கு லீவு உண்டா இல்லையா என்று முதலாளி சொல்வதே தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான். அப்புறம் எங்கே முன்பதிவு செய்வது?

ஜன்னல் வழியாகப் பையை எறிவது

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் கோச்சி மேடைக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பது பழைய பழக்கம். லேஞ்சி போடுங்கள், தொப்பி போடுங்கள். பையைப் போடாதீர்கள். வாசலில் நெரிசல் எப்படி இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. என்னோடு வேலை செய்த ஒரு தம்பி அடையாள அட்டை, சம்பளக் காசு, தங்கச்சிக்கு வாங்கிய உடுப்பு எல்லாம் இருந்த பையை உள்ளே போட்டுவிட்டு, வாசலில் ஏற முடியாமல் மேடையிலேயே நின்றான். பை பதுளைக்குப் போனது. அது திரும்பி வரவில்லை. அடையாள அட்டைக்காக அவன் கிராம சேவகர், பொலிஸ், பிரதேச செயலகம் என்று அலைந்து எத்தனை நாள் சம்பளத்தை இழந்தான் என்று எனக்குத் தெரியும்.

அப்படி எறிந்த பை ஏற்கெனவே ஜன்னலோரம் இருப்பவரின் முகத்தில் போய் அடிப்பதும் உண்டு. பிறகு ஆறு மணி நேரம் அவர் எதிரில்தான் உட்கார்ந்து போக வேண்டும்.

ஓடும்போது ஏறுவது

வேண்டாம். சீட்டுக்காகக் காலைக் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிறவருக்கு இடம் பிடிப்பது

இதைத்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

2006 தீபாவளிக்கு முந்தின நாள். எனக்கு இருபத்திரண்டு வயது. கோட்டையில் மாலையிலேயே போய் நின்று, பண்டிகைக்காக விட்ட கூடுதல் கோச்சியில் எப்படியோ முண்டியடித்து ஏறி, எதிரெதிராக நான்கு சீட் பிடித்தேன். எனக்கு ஒன்று. மற்ற மூன்றும் கம்பஹாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த மச்சான்மாருக்கு. மூன்று பேரும் கம்பஹாவில் ஏறுவதாகப் பேச்சு. கோட்டையிலேயே பெட்டி நிறைந்துவிட்டது. ஆட்கள் நடைபாதையில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். என் முன்னால் மூன்று சீட் காலியாகக் கிடந்தது.

ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு பெரிய துணிப்பை, முழங்காலில் ஏதோ பட்டி கட்டியிருந்தார். "தம்பி, ஆளில்லாட்டி கொஞ்சம் இருக்கட்டா?" என்றார். "ஆள் வருது அம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கம்பஹா வந்தது. மேடை முழுக்கத் தலைகள். மச்சான்மார் வரவில்லை. போன் எடுத்தால் லைன் போகவில்லை. கோச்சி நகர்ந்தது. பின் பெட்டியில் ஏறியிருப்பார்கள், நடந்து வருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லேஞ்சியை எடுக்காமல் இருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் "வருவாங்க, வருவாங்க" என்றேன். பொல்காவலைக்கு முன்னால் ஒருவர் கேட்காமலே வந்து உட்கார்ந்தார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் தமிழில் கத்தினேன், அவர் சிங்களத்தில் கத்தினார். ஒரு சீட்டில் தொடங்கியது பெட்டி முழுக்க மொழியாகப் பிரிந்து நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு பெரியவர்கள் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார்கள். அந்த இரண்டு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எல்லாம் அடங்கித் திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் காணவில்லை. மீதி இரண்டு சீட்டிலும் யார் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து தேடிப் போனேன். கழிவறைக்குப் பக்கத்தில், ஈரத்தரையில் ஒரு பத்திரிகையை விரித்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என் இடத்துக்கு வரச் சொன்னேன். "பரவால்ல தம்பி, இப்ப எழும்ப ஏலாது" என்றார்.

விடியற்காலையில் ஹட்டன் தாண்டி, சிங்கமலைச் சுரங்கம் தாண்டி, கொட்டகலையில் இறங்கினேன். அவரும் அங்கேதான் இறங்கினார். பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் தோட்டத்துப் பாதையிலேயே அவரும் திரும்பினார். எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குக்காரர். கொழும்பில் பல வருடமாக வீட்டு வேலைக்கு நின்றதால் எனக்கு முகம் தெரியவில்லை. மச்சான்மார் அன்று நெரிசலைப் பார்த்துவிட்டு கோச்சியை விட்டு பஸ்ஸில் கிளம்பியிருந்தார்கள். எனக்கு முன்னே வந்து, எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். தீபாவளியன்று அம்மா பலகாரத் தட்டோடு என்னைக் கீழ்க்கணக்குக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மாவின் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. கோபமே இல்லாமல் அவர் கேட்ட முதல் கேள்வி: "மச்சான்மாரு வந்து சேர்ந்தாங்களா தம்பி?"

இப்போது இது இன்னும் மோசமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் குழு வைத்து "ரெண்டாவது பெட்டி, எட்டு சீட் பிடிச்சாச்சு" என்று செய்தி போகிறது. நானுஓயாவில் ஏறுகிறவர் கொட்டகலைக்காரருக்கும் ஹட்டன்காரருக்கும் சேர்த்துப் பிடிக்கிறார். நடுவில் தலவாக்கலையிலும் வட்டகொடையிலும் ஏறுகிறவர்களும் காசு கொடுத்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். வராத ஆளுக்காக வந்த ஆளை நிற்க வைக்கிறோம். இதில் எனக்கு ஏறும் எரிச்சல் இருபது வருடமாகியும் குறையவில்லை.

எங்கள் பெட்டியில் பழைய ஆட்கள் வைத்திருந்த கணக்கை நான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களோடு அதே மேடையில் நிற்கிறவருக்கு, பொதி தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவருக்கு, பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போனவருக்கு இடம் பிடிக்கலாம். கோச்சி நகரும் வரைதான் அந்த லேஞ்சிக்கு மதிப்பு. நகர்ந்த பிறகும் ஆள் வராவிட்டால் நீங்களே எடுத்து மடித்துப் பையில் வையுங்கள். அடுத்தவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நண்பர் ஹட்டனில் ஏறுவார் என்றால் ஹட்டனில் எழுந்து உங்கள் இடத்தைக் கொடுங்கள். மாறி மாறி இருந்து போகலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை.

கார்டைக் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்பது

எங்கள் லயத்தில் வளர்ந்த ஒரு தம்பி சுற்றுலாக் கப்பல் ஒன்றில் நீச்சல் குளத் தட்டில் வேலை செய்கிறான். லீவில் வந்தபோது அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு நம் கோச்சிதான் நினைவுக்கு வந்தது. கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே போகிற நாளில், விடியற்காலையிலேயே வந்து சாய்வு நாற்காலிகளில் துவாயை விரித்து, ஒரு புத்தகத்தையோ ஒரு சோடிச் செருப்பையோ வைத்துவிட்டுப் போய்த் தூங்குவார்களாம். வெயில் ஏறும்போது குளத்தைச் சுற்றி வெறும் துவாய்கள்தான் படுத்திருக்கும், ஆட்கள் இடம் தேடி அலைவார்கள். கடைசியில் சண்டை. அதனால் சில கப்பல் நிறுவனங்கள் ஒரு முறை வைத்திருக்கின்றன. ஆளில்லாத நாற்காலியில் ஊழியர் நேரம் எழுதிய அட்டையை ஒட்டுவார். அரை மணியோ நாற்பது நிமிடமோ, அந்தக் கப்பலின் கணக்குப்படி பார்ப்பார். ஆள் வராவிட்டால் பொருட்களை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு நாற்காலியை அடுத்தவருக்கு விடுவார். அப்படிச் செய்தாலும் திரும்பி வந்தவர் ஊழியரிடம்தான் பாய்வார் என்று அவன் வருத்தப்பட்டான்.

நம் கோச்சியில் அந்த அட்டையை ஒட்ட ஆளில்லை. கார்டுக்குக் கொடியும் சமிக்ஞையும் பார்க்கிற வேலை. டிக்கெட் பார்க்க வருகிறவருக்கு டிக்கெட்தான் கணக்கு. நம்பர் இல்லாத பெட்டியில் யார் எங்கே இருப்பது என்பதை அங்கே இருக்கிறவர்கள்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பேசத் தெரிய வேண்டும். "இங்க ஆள் இருக்கா?" என்று தமிழில் ஒரு முறை கேளுங்கள், பதில் வராவிட்டால் "மெத்தன கவுருத் இன்னவத?" என்று சிங்களத்தில் ஒரு முறை கேளுங்கள். என் அனுபவத்தில் பாதிச் சண்டை கேட்காமல் உட்காருவதால் வருகிறது. மீதி, கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதால் வருகிறது.

லேஞ்சியைத் தூக்கிக் கீழே போடுவது

நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். அடுத்தவர் முகம் துடைக்கிற துணி அது. கையில் எடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் "இது யாருடையது?" என்று காட்டி, யாரும் சொந்தம் கேட்காவிட்டால் மேல் தட்டில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஆள் திரும்பி வந்தால் லேஞ்சியை அவர் கையிலேயே கொடுங்கள். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அவர் சண்டைக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

பொதிக்கு ஒரு சீட்

இறக்கி வையுங்கள்.

முன்னோக்கிய சீட்டுக்கு அடித்துக்கொள்வது

கொழும்பிலிருந்து கண்டி வழியாகப் போகிற கோச்சியில் புதியவர்கள் இதைச் செய்கிறார்கள். கண்டி ஸ்டேஷன் பேராதனைச் சந்தியிலிருந்து பிரிந்து போகிற கிளையில் இருக்கிறது. பதுளைக்குப் போகிற கோச்சி கண்டிக்குள் போய், எஞ்சினை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பித்தான் பேராதனைக்கு வர வேண்டும். கோட்டையில் நீங்கள் சண்டை போட்டுப் பிடித்த முன்னோக்கிய சீட், மலை ஏறத் தொடங்குகிற நேரத்தில் பின்னோக்கிய சீட்டாகிவிடும். தலைசுற்று உள்ளவர்கள் எதிரில் இருப்பவரோடு கண்டியில் இடம் மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

யாத்திரைக் குழுக்களோடு வாதாடுவது

மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவம். ஹட்டன் போகும் கோச்சியில் ஒரு கிராமமே பாயும் பானையுமாக ஏறும். அவர்களிடம் பெட்டியில் முக்கால்வாசி இருக்கும். குழுவில் வயதான ஒருவரிடம் பணிவாகக் கேளுங்கள், இளைஞர்களிடம் கேட்காதீர்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இடம் தருவார்கள். சோறும் தருவார்கள்.

இறங்குகிறவரின் சீட்

பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. மேலே போகும்போது இந்த மூன்று இடங்களிலும் ஆட்கள் இறங்குவார்கள். நின்று போகிறவர்கள் "எங்க இறங்குறீங்க?" என்று முன்கூட்டியே கேட்டு வைப்பதில் தவறில்லை. தவறு செய்வது பெரும்பாலும் இறங்குகிறவர். பெட்டியின் மறுமுனையில் இருக்கிற ஊர்க்காரரைக் கூவி அழைத்து இடத்தைக் கொடுப்பார். கோட்டையிலிருந்து பக்கத்தில் நின்று, அவர் பிள்ளையின் போத்தலைப் பிடித்துக்கொண்டு, அவர் தூங்கியபோது பையைப் பார்த்துக்கொண்டு வந்தவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். எழும்பும்போது முதலில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவரைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் அப்புறம் ஊர்க்காரரைக் கூப்பிடலாம்.