கூட்ஸ் கோச்சியின் நீளமும் குதிரைவலுவும்: அடிக்கடி விடும் பிழைகள்

முதலில் நம்ம ஊர்ப் பிழை ஒன்று. கல்லோயா சந்தி என்றதும் அம்பாறையை நினைத்து, கல்லோயாத் திட்டத்துச் சாமான்கள் அங்கேதான் இறங்கியிருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சந்தி, திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகிற இடம். கல்லோயா அணை இருக்கிற இங்கினியாகலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனைக்கோ அம்பாறைக்கோ போக வேண்டியதை லொறியில்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்தது பெரிய பிழை: குதிரைவலுவைப் பார்த்ததும் எத்தனை பெட்டி இழுத்திருக்கும் என்று கணக்குப் போடுவது. 1954இல் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சினை எடுங்கள். 1425 குதிரைவலு என்பார்கள். அது டீசல் எஞ்சினின் மொத்த வலு; இழுவைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1310. ஒருவர் முதல் எண்ணையும் இன்னொருவர் இரண்டாவதையும் எழுதிவிட்டுச் சண்டை பிடிப்பதில் பொருளில்லை. இரண்டுமே சரி.

அந்த வலு முழுவதும் இழுவிசையாக மாறுவதும் இல்லை. எம்2இன் ஆறு அச்சுகளில் நான்குக்குத்தான் மோட்டார். ஒவ்வொரு போகியிலும் (அச்சுகளைத் தாங்கும் அடிச்சட்டம்) நடு அச்சு சும்மா உருளும், பாரத்தை மட்டும் தாங்கும். புறப்படும்போது சில்லு வழுக்காமல் பிடிப்பதற்கு மோட்டார் அச்சுகளின் மேலுள்ள எடைதான் உதவும். 1975இல் வந்த எம்4க்கு வலு 1750, ஆறு அச்சுக்கும் மோட்டார். ஆகவே இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குதிரைவலு காட்டுவதைவிடப் பெரியது.

அப்புறம் ஏற்றம். பதுளைக்குப் போகும் மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடி ஏறும். அங்கே ஒவ்வொரு தொன்னையும் புவியீர்ப்பு மட்டுமே ஏறத்தாழ 23 கிலோ விசையால் பின்னுக்கு இழுக்கும். சமதரையில் உருட்டுவதற்குச் சில கிலோ போதும். அதனால் பதுளைப் பாதைக்குரிய சுமைக் கணக்கை மட்டக்களப்புப் பாதையின் வெலிகந்த, புணாணை வெளிகளுக்குப் பொருத்தவே கூடாது.

பெட்டியை எண்ணி நீளம் சொல்வதிலும் கவனம் வேண்டும். நான்கு சில்லு வேகனும் எட்டுச் சில்லு போகி வேகனும் ஒரே நீளமல்ல. நமது பாதை ஒற்றைவழி. எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட ஒதுங்கும் லூப் லைனுக்குள் முழு வண்டியும் அடங்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது அதற்குப் பிறகுதான். குழாயில் வெற்றிடத்தை வைத்து இயங்கும் வாக்குவம் பிரேக்கும் மிக நீண்ட வண்டிகளுக்குத் தோதல்ல. அமெரிக்காவில் மூன்று நான்கு எஞ்சின் பூட்டி மைல் நீளத்துக்கு ஓடுகிற வண்டியை அளவுகோலாக வைத்து, நம்முடையதை 'குட்டி வண்டி' என்பது எனக்கு எரிச்சலூட்டும் பேச்சு.

இன்னொன்று. மட்டக்களப்புப் பாதையிலுள்ள ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் கோச்சி ஊர்ந்ததைப் பார்த்தவர்கள், எஞ்சினுக்குச் சத்தில்லை என்று இப்போதும் சொல்வார்கள். பஸ்ஸும் சைக்கிளும் ஆட்களும் போன அதே பாலத்தில்தான் தண்டவாளமும் இருந்தது. வேறெப்படிப் போவது?