காய்ந்தது வேறு, வெந்தது வேறு: சிப் டிக்கெட் அச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு தம்பி, வாசலில் ரீடரிடம் காட்டி உள்ளே போகும் சிப் டிக்கெட்டுக்கான காகிதமும் மல்டிமீட்டருமாக என் பட்டறைக்கு வந்தான். சிப்போடு சேர வேண்டிய சுருள் ஆன்டெனாவை வெள்ளி மையில் அவனே ஸ்கிரீன் போட்டு அடித்திருந்தான். இரண்டு முனையிலும் மீட்டர் முள்ளை வைத்தான். 'பீப்' என்றது. "கத்துது பாத்தீங்களாண்ணா, லைன் ஓகே" என்றான். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே சத்தத்தைக் கேட்டுத்தான் சந்தோஷப்பட்டேன்.

மையைக் கலக்காமல் ஊற்றுவது, ஸ்கிரீனைக் கழுவாமல் வைப்பது, இதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவருக்கு அது கைப்பழக்கம்.

காய்ந்ததை வெந்ததாக நினைப்பது

பத்திரிகை மை கைக்கு ஒட்டவில்லை என்றால் வேலை முடிந்தது. வெள்ளி மை அப்படியல்ல. அது பிசினில் மிதக்கும் வெள்ளித் துகள். கரைப்பான் பறந்து, பிசின் சுருங்கி, துகளோடு துகள் நெருக்கினால்தான் மின்சாரம் தாராளமாக ஓடும். மையைப் பொறுத்து 120, 130 டிகிரியில் சில நிமிடமாவது அது வேக வேண்டும். ரேக்கில் வைத்துச் சேலத்து வெயிலைக் காட்டினால் காயும், வேகாது.

அப்புறம் மீட்டர் ஏன் கத்துகிறது? பல மீட்டர்கள் 30, 50 ஓம் மின்தடை இருந்தாலும் கத்தும். வீட்டு வயரிங் பார்க்க அது போதும். நம்முடையது 13.56 மெகாஹெர்ட்ஸில் அதிர வேண்டிய சுருள். டிக்கெட்டுக்குள் பேட்டரி கிடையாது. ரீடரின் காந்தப் புலத்திலிருந்து சுருள் அள்ளித் தருவதுதான் சிப்புக்குச் சோறு. சிப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டன்ஸை (மின்தேக்கும் அளவை) பிகோஃபாரட்டிலும், சுருளின் அளவை மைக்ரோஹென்றியிலும் சொல்வோம். 50 பிகோஃபாரட் சிப்புக்குச் சுமார் 2.76 மைக்ரோஹென்றி சுருள் வேண்டும். அந்த அலைவரிசையில் அதன் ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு, 235 ஓம். அதை மின்தடையால் வகுத்தால் வருவது க்யூ; அது கூடினால்தான் சுருள் நன்றாக அதிரும். சுருளின் மின்தடை 10 ஓம் என்றால் க்யூ 23 கிடைக்கும். 50 ஓம் என்றால் 5-கூடத் தேறாது, அதுவும் சிப்பின் சுமையைச் சேர்க்காமலே. தம்பியின் டிக்கெட்டை ஓமில் வைத்துப் பார்த்தேன்: 44.

என் பங்குக்கு நான் கட்டிய கப்பம் இது. ஏற்காட்டில் ஒரு தனியார் நிகழ்ச்சிக்கு 3,000 டிக்கெட். அவசர ஆர்டர், சின்ன அடுப்பு. ஒரு தட்டில் நாலு தாளாக அடுக்கி, நேரத்தையும் பாதியாகக் குறைத்தேன். சிப் பதித்து வந்ததும் போனின் முதுகில் ஒட்டிப் பார்த்தேன், எல்லாம் படித்தது. ஒட்டி வைத்தால் எதுதான் படிக்காது? 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், வாசலில் சாரலும் மூடுபனியும். ரீடர் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று விரற்கடை உள்ளே உட்கார்ந்திருக்கிறது. காகிதம் ஈரத்தைக் குடித்தால் சுருளின் கோடுகளுக்கு நடுவே கெப்பாசிட்டன்ஸ் கூடும், அதிர்வெண் கீழே சறுக்கும். ஏற்கெனவே அரை வயிற்றோடு இருந்த டிக்கெட்டுக்கு அந்தச் சறுக்கலே போதும். பத்துக்கு நாலு படிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "கிழிச்சுக் குடுத்து உள்ள விடுப்பா, குளிருது" என்றார். கடைசியில் டார்ச் அடித்து நம்பர் பார்த்து, பேனாவால் டிக் போட்டுத்தான் அனுப்பினார்கள். மீதிப் பணத்தை நான் கேட்கவே இல்லை.

இன்றைக்கும் யாராவது பீப் சத்தத்தை ஆதாரமாகக் காட்டினால் எனக்கு எரிச்சல் வரும். ஒவ்வொரு தட்டிலும் நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று எடுத்து ஓம் பாருங்கள். அதே தாளை இன்னொரு தடவை அடுப்பில் விட்டு எடுங்கள். ஓம் இறங்கினால் முதல் தடவை வேகவில்லை என்று அர்த்தம். இறங்காமல் நிற்கும்வரை நேரத்தைக் கூட்டுங்கள்.

வெறும் தாளை அடுப்புக் காட்டாமல் அச்சிடுவது

சூட்டில் காகிதத்தின் ஈரம் போய்த் தாள் சுருங்கும். முதல் அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் ரெஜிஸ்டர், அதாவது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், ஒத்துப்போகாது. அதனால் வெறும் தாளையே ஒரு சுற்று அடுப்பில் விட்டு எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சுருளின் உள்முனையை வெளியே கொண்டுவரும் பாலத்தில்தான் இது கழுத்தறுக்கும்: சுற்றுகளின் மேல் மின்சாரம் கடத்தாத காப்பு மை, அதன் மேல் வெள்ளிக் கோடு. காப்பு மை அரை மில்லிமீட்டர் விலகினால் வெள்ளி போய்ப் பக்கத்துச் சுற்றைத் தொடும்.

காப்பு மையை ஒரே தடவை அடிப்பது

ஒரே பூச்சில் ஊசித்துளை இருக்கும், அதன் வழியே மேல் வெள்ளி கீழ்ச் சுற்றைத் தொடும். இரண்டு தடவை அடியுங்கள்.

சிப்பின் பிகோஃபாரட்டைப் பார்க்காதது

2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து டிக்கெட்டுகளில் இருந்தது மைஃபேர் அல்ட்ராலைட் சிப். அதன் பின்வந்த ஈவி1 இப்போது 17, 50 பிகோஃபாரட் என்று இரண்டு வகையில் கிடைக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 17-க்கு வரைந்த ஆன்டெனாவில் 50-ஐப் பதித்தால் அதிர்வெண் 8 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் போய் விழும். பில்லில் இருக்கும் பார்ட் நம்பரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

விளையாட்டாகப் பூட்டு பிட்டில் எழுதுவது

சிப்பின் நினைவகத்தை இனி மாற்ற முடியாமல் பூட்டும் இடம் அது. எழுதினால் எழுதியதுதான். அழியாது.

தெர்மல் காகிதத்தில் வெள்ளி மை

பஸ் டிக்கெட் மாதிரி அழகாக இருக்கும் என்று 200 தாள் அடித்து அடுப்பில் வைத்தேன். தெர்மல் காகிதம் சூடு பட்டாலே கறுக்கும்; ஸ்லேட்டுப் பலகையாக வெளியே வந்தது.