குதிரையோடு பேசுங்கள், ஆனால் இந்தத் தவறுகள் வேண்டாம்

குதிரை வளர்ப்பவர்களில் அதனோடு பேசாதவர்கள் மிகக் குறைவு. லாயத்துக்குள் நுழைந்ததும் "என்னடா, நல்லாத் தூங்கினியா?" என்று விசாரிப்பார்கள். உடம்பு தேய்க்கும்போது ஊர்க்கதை, சேணம் போடும்போது கொஞ்சல், முரண்டு பிடித்தால் திட்டு. இந்தப் பழக்கத்தை விட்டுவிடும்படி யாரும் சொல்லத் தேவையில்லை. பேசுகிறவருடைய மூச்சு தானாகவே சீராகிறது, தோளும் கையும் தளர்கின்றன, குதிரை அந்தத் தளர்ச்சியைக் கவனிக்கிறது. நின்றபடியே உறங்கும் குதிரையை நெருங்கும்போது குரல் கொடுத்தால் அது திடுக்கிட்டு உதைக்கும் ஆபத்து குறைகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பச்சிளங்குழந்தையிடம் கொஞ்சுவதைப் போன்ற ஏற்ற இறக்கத்தோடு பேசியபடி தேய்த்துவிட்டபோது குதிரைகள் கூடுதலாக அசையாமல் நின்றன.

ஆகவே சிக்கல் பேசுவதில் இல்லை. சொன்னது வார்த்தைக்கு வார்த்தை புரிந்துவிட்டது என்று நம்புவதிலும், குதிரையின் ஒவ்வொரு அசைவையும் மனிதன் சொல்லும் பதிலாக எடுத்துக்கொள்வதிலும்தான் இருக்கிறது. லாயங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

வாய் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்வது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வைத்திருந்தார். கூட்டல் கணக்குக் கேட்டால் அது குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904-ல் ஒரு குழு ஆராய்ந்து பார்த்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, 1907-ல் வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸ் தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபோதும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் மிகச் சிறிதாக அசையும். அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது.

குதிரைக்குக் கணக்கு தெரியாது என்பதோடு இந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. மனிதர்களுக்கே தெரியாத தலையசைவைக் குதிரை படித்துவிடும் என்பதுதான் நமக்கு முக்கியம். "நில்லு" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் இரண்டு அடி முன்னால் எடுத்து வைத்தால் அது காலைத்தான் நம்பும். "மெதுவா, மெதுவா" என்று சொல்லும் வாய்க்குக் கீழே கை கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருந்தால் கைதான் அதற்குச் செய்தி.

சோதிப்பது எளிது. குதிரையின் தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கைகளை அசைக்காமல், தலையைத் திருப்பாமல், வழக்கமான தொனியில், "நட" போன்று நகரச் சொல்லும் ஒரு சொல்லை மட்டும் ஒருமுறை சொல்லுங்கள். குதிரை எதுவும் செய்யவில்லையென்றால் அதற்கு அந்தச் சொல் தெரியாது. இத்தனை நாளும் உங்கள் தோளையும் காலையும் பார்த்துத்தான் நடந்திருக்கிறது. யாரையாவது கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லிப் பார்த்தால், சொல்லுக்கு முன்பே உடம்பு என்ன செய்கிறது என்பது தெரிந்துவிடும்.

சொல்லைச் சொல்லிச் சொல்லியே மழுங்கடிப்பது

"நில்லு, நில்லு, நில்லுன்னு சொல்றேன்ல, நில்லு!" என்று நான்கு முறை சொல்லி, நான்காவது முறைதான் கடிவாளத்தை இழுக்கிறோம் என்றால், முதல் மூன்றும் வெறும் சத்தம் என்று குதிரை கற்றுக்கொள்கிறது. எந்த விளைவும் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் ஒலியைப் புறக்கணிப்பது எல்லா விலங்குகளுக்கும் இயல்பு. நாள் முழுக்க ஓயாமல் பேசுகிறவருடைய குதிரையிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டளைச் சொல் அந்தப் பேச்சுக்கு நடுவே புதைந்துவிடும். கட்டளைக்கு முன் இரண்டு விநாடி அமைதியாக இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு சொல்லைப் புதிதாகப் பழக்கும்போது வரிசைதான் எல்லாம். முதலில் சொல். ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளி. அதன் பிறகு குதிரைக்கு ஏற்கெனவே தெரிந்த சைகை: நிற்பதற்குக் கயிற்றில் லேசான அழுத்தம். நின்ற அந்தக் கணமே அழுத்தத்தை முழுதாக விட்டுவிட வேண்டும். ஐந்தாறு தடவை செய்துவிட்டு இடைவெளி கொடுங்கள். சில நாட்களில், அழுத்தம் வருவதற்கு முன்பே, சொல்லைக் கேட்டதும் நிற்கத் தொடங்கும். பலர் செய்யும் பிழை, சொல்லையும் இழுப்பையும் ஒரே நேரத்தில் கொடுப்பது. அப்போது குதிரை வலுவான செய்தியான இழுப்பை மட்டும் கற்கும், சொல் அதன் கவனத்தில் ஏறாது.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். "நில்", "நட" இரண்டும் ஒரே மெய்யொலியில் தொடங்கும் குட்டிச் சொற்கள். தூரத்திலிருந்து, காற்றில், வேகமாகச் சொன்னால் வேறுபாடு மங்கும். நிறுத்துவதற்கு நீட்டி இறக்கும் ஒலி நல்லது: "ஹோ...ஓ". நகர்த்துவதற்குக் குறுகிய, ஏறும் ஒலி அல்லது நாக்கைச் சொடுக்குவது. வெவ்வேறு மொழி பேசும் விலங்குப் பழக்குநர்களிடமும் இந்த வேறுபாடு காணப்படுகிறது: விரட்ட, குறுகிய ஒலிகளை அடுக்குகிறார்கள், அடக்க, ஒரே ஒலியை நீட்டுகிறார்கள். வீட்டில் மூன்று பேர் குதிரையைக் கையாண்டால் மூவரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். ஐந்தாறு சொற்களை ஒரு தாளில் எழுதி லாயக் கதவில் ஒட்டிவிடுங்கள். பெயரைச் செல்லமாகக் கூப்பிடுங்கள், ஆனால் அதே பெயரைத் திட்டுவதற்கும் பயன்படுத்தினால் மேய்ச்சலில் கூப்பிடும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"

பயந்த குதிரையைப் பார்த்ததும் நம் வாயில் வரும் முதல் சொல் இது. இரண்டு வகையில் இது எதிராகத் திரும்பும். ஊசி போடும்போதும் காயத்தைக் கழுவும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் மட்டுமே இந்தச் சொல் வந்தால், கெட்டது வரப்போகிறது என்பதற்கான அறிவிப்பாக அது மாறிவிடும். மருத்துவர் வாசலில் நிற்கும்போதே நீங்கள் "ஒண்ணுமில்லடா" என்று ஆரம்பிக்க, குதிரையின் தலை உயர்ந்து கண் விரிகிறது என்றால் அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. வேறொரு சொல்லைத் தேர்ந்து, எந்தத் தொல்லையும் இல்லாத அமைதியான வேளைகளில், பிடரி முடியும் இடத்தில் உள்ள முதுகு மேட்டைச் சொறிந்துவிட்டபடி அதைச் சொல்லிப் பழக்குங்கள். அந்த இடத்தில் சொறிந்துவிடும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவது அளந்தறியப்பட்ட உண்மை.

இரண்டாவது காரணம் நம் பதற்றம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஓட்டுபவர்களிடமும் "அடுத்த சுற்றில் ஒரு குடை விரிக்கப்படும்" என்று சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால் மனிதர்களின் இதயத் துடிப்போடு குதிரைகளின் துடிப்பும் உயர்ந்தது. ஆகவே, நடுங்கும் குரலில் சொல்லும் ஆறுதலைவிட, வாயை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை வெளியே விடுவது மேல். பயத்தின் காரணத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி விலகி நிறுத்தி, தலை இறங்கும்வரை காத்திருங்கள். இனிய குரல் மட்டுமே பயத்தைப் போக்கிவிடாது. தூரமும் அவகாசமும்தான் போக்கும்.

நேரம் கடந்து திட்டுவது

காலையில் தீவனப் பானையைக் கவிழ்த்ததற்கு மாலையில் "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று உரக்கக் கேட்டால், நீங்கள் உள்ளே வந்ததற்கும் சத்தத்துக்கும் மட்டுமே அது முடிச்சுப் போடும். பாராட்டோ கண்டிப்போ ஒன்றிரண்டு விநாடிக்குள் வரவில்லையென்றால் எதற்காக என்று குதிரைக்குத் தெரியாது. திட்டிய பிறகு மனம் கேட்காமல் கேரட் கொடுத்துச் சமாதானம் செய்வதும் அப்படித்தான். கேரட் வருவதற்குச் சற்று முன் என்ன செய்ததோ அதைத்தான் அது மறுபடி செய்யும். பெரும்பாலும் அது சட்டைப்பையை மோந்து இடிப்பதாக இருக்கும். கையிலிருந்து தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால், முகத்தை உங்களிடமிருந்து விலக்கி நேராக வைத்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

திட்டும்போது குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வாயை மெல்வதைப் பார்த்து "புரிஞ்சுக்கிட்டான், வருத்தப்படறான்" என்பார்கள். பதற்றத்திலிருந்து தளரும்போது வாயில் எச்சில் திரும்புவதால்தான் பெரும்பாலும் அது நடக்கிறது. பாடம் புரிந்ததற்கோ குற்ற உணர்வுக்கோ அது சான்றல்ல.

"வேணும்னே பண்றான்"

எல்லாத் தவறுகளிலும் இதுதான் குதிரைக்கு மிக அதிகமாக வலிக்கிறது. ஆளைப்போல் பேசிப் பழகியவர், ஆளுக்குரிய நோக்கங்களையும் அதன்மேல் ஏற்றிவிடுகிறார்: பழி வாங்குகிறது, சோம்பல், திமிர், நடிப்பு. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. வலி எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை.

வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருகிறதா? வயிற்றுப்புண், வார் உராய்ந்த காயம், பொருந்தாத சேணம் மூன்றையும் முதலில் பாருங்கள். சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைக் கவனியுங்கள். சுற்றிலும் நனைந்திருக்க நடுவில் உலர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக விழுந்திருக்கலாம். கடிவாளம் மாட்டும்போது தலையைத் தூக்குகிறதா? பல்லின் கூர்மையான விளிம்புகளையும் கடைவாயில் புண் இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும். லாடம் அடிப்பவரிடம் காலைத் தர மறுப்பது, மற்றக் காலில் எடையைத் தாங்கும் மூட்டு வலிப்பதால் இருக்கலாம்.

வலி முகத்தில் தெரியும். காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்புவது, கண்ணுக்கு மேலே தசை இறுகிக் கோணமாகத் தெரிவது, கண் பாதி மூடுவது, மூக்குத்துளை இழுபடுவது, தாடைத் தசை புடைப்பது, கீழ்வாய் கெட்டிப்பது ஆகியவை 2014-ல் வகுக்கப்பட்ட வலி அளவுகோலில் உள்ள குறிகள். ஏறி ஓட்டும்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைக் கால்நடை மருத்துவர் சூ டைசன் தொகுத்திருக்கிறார். அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, தசை தொடர்பான வலி இருக்க வாய்ப்பு அதிகம். வாலைச் சுழற்றுவது, வாயைத் திறந்து மூடுவது, திரும்பத் திரும்பத் தடுக்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் பேச்சில் இவற்றுக்கெல்லாம் "அடம்" என்று ஒரே பெயர்.

தரையைக் கீறுவதை "சாப்பாடு கேக்குது" என்றும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை "வெக்கப்படுது" என்றும் சிரித்துக் கடப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இவை வயிற்றுவலியின் தொடக்கக் குறிகளாக இருக்கலாம். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. தாடை எலும்பின் உள் விளிம்பில் ஓடும் நாளத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். கூடவே புரள்வது, வியர்ப்பது, சாணம் போடாமல் இருப்பது தெரிந்தால் தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். துடிப்பு 60-ஐத் தாண்டியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

முகத்துக்கு நேரே நின்று பேசுவது

மனிதரிடம் பேசும்போது எதிரே நின்று கண்ணைப் பார்ப்பது மரியாதை. குதிரைக்கு அது பொருந்தாது. அதன் கண்கள் ஏறத்தாழ 350 டிகிரி சுற்றைப் பார்க்கும். பார்க்க முடியாத சிறு பகுதிகளில் ஒன்று நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே இருக்கிறது. இன்னொன்று வாலுக்கு நேர் பின்னால். மூக்கோடு மூக்கு வைத்துக் கொஞ்சும்போது உங்கள் முகம் சரியாக அந்த மறைவில் இருக்கும். அது திடீரென்று தலையைத் தூக்கினால் பல்லோ மூக்கோ உடையும். தோளுக்குப் பக்கத்தில் சற்று விலகி நின்று பேசுங்கள். காதுக்குள் வாயை வைத்துப் பேசுவதும் தேவையில்லை. குதிரைக்குச் சுமார் 33,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. காதை ஏறத்தாழ 180 டிகிரி திருப்பும். மெல்லப் பேசினாலே ஒரு காது உங்கள் பக்கம் சாயும்.

பதிலை நாமே சொல்லிக்கொள்வது

"குளிருதா? போர்வை போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அது தலையாட்டியதும் போர்வையை மாட்டிவிடுவார்கள். தலையாட்டியது ஈக்காகவும் இருக்கலாம். குதிரையிடம் உண்மையாகவே இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வழியை நார்வே ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். போர்வை போடு, கழற்று, இருப்பது இருக்கட்டும் என்ற மூன்று பொருளுக்கு மூன்று பலகைக் குறிகளை 23 குதிரைகளுக்கு இரண்டு வாரத்தில் பழக்கினார்கள். மழையும் குளிர்காற்றுமான நாளில் குதிரைகள் போர்வை கேட்டன, வெயில் நாளில் கழற்றச் சொல்லின. அந்தப் பயிற்சி இல்லாத குதிரையிடம் கையால்தான் கேட்க வேண்டும். நடுங்குகிறதா என்று பாருங்கள். போர்வைக்குள் தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் போர்வை அதிகம்.

காது கேட்காத குதிரையோடு பேசுவது

நெடுநாளாகக் குரலுக்குப் பழகிய குதிரை திடீரென்று "மதிக்க மாட்டேங்குது" என்றால் அதன் வயதைப் பாருங்கள். முதுமையில் செவித்திறன் குறையும். முகம் முழுக்க வெள்ளையும் நீலக் கண்களும் கொண்ட சில குதிரைகள் பிறவியிலேயே கேளாதவை. காற்றோ நிழலோ படாதபடி, அது பார்க்க முடியாத இடத்தில், சுவருக்கு அப்பாலிருந்து தீவன வாளியைத் தட்டுங்கள். வேறு வேறு பக்கங்களிலிருந்து சில முறை தட்டியும் காது திரும்பவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, நெருங்கும்போது பக்கவாட்டில், அது உங்களைப் பார்க்கும்படி வாருங்கள். உறங்கிக்கொண்டிருந்தால் வேலிக்கு வெளியே நின்றே கம்பத்தைத் தட்டி அதிர்வை உணர வையுங்கள். தலையைத் திருப்பி உங்களைப் பார்த்த பிறகு உள்ளே போங்கள்.