அரிப்புக்கு நாமே ஆயின்மென்ட் வாங்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடை இடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாகச் சிவந்து அரித்தால், வடசென்னையில் ராயபுரமோ வியாசர்பாடியோ, நம் ஆட்கள் நேராகப் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்கண்ணா" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த கிரீம். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், சரியாகிவிட்டது என்று நினைப்போம், ஆனால் இப்படி வட்டமாக வரும் படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கி வைப்பதால் பூஞ்சை தன் பாட்டுக்குப் பரவி, களிம்பை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும். வட்டத்தின் ஓரம் கலைந்துபோனால் டாக்டருக்கே கண்டுபிடிப்பது கஷ்டம். மாதக்கணக்கில் தடவினால் இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும், அந்தக் கோடு மறையவே மறையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது பாதியில் விடுவது. டாக்டர் கொடுக்கும் பூஞ்சை மருந்தை, படை மறைந்த பிறகும் வழக்கமாக இரண்டு வாரமாவது தொடர வேண்டும், ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவ வேண்டும். காசிமேட்டில் ஈரத்திலேயே நின்று வேலை செய்பவர்கள், மணலி பக்கம் ஷிஃப்ட் முழுக்க பூட்ஸ் போட்டிருப்பவர்கள், வீட்டுக்கு வந்ததும் கழுவி, இடுக்கையெல்லாம் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். துண்டு ஆளுக்கு ஒன்று.

எல்லா அரிப்பும் படர்தாமரை இல்லை. ராத்திரியில் அரிப்பு கூடி, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொடிப்பொடியாக வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் பெரும்பாலும் சிரங்குதான். இதில் எல்லோரும் செய்கிற தப்பு, அரிக்கிற ஆளுக்கு மட்டும் மருந்து போடுவது. முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதற்குள் ஒரே பாயில் படுப்பவர்களுக்கெல்லாம் சிரங்கைக் கொண்டுவரும் சிற்றுண்ணி போயிருக்கும். டாக்டர் சிற்றுண்ணியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் கிரீம் எழுதினால், அவர் சொல்கிற எல்லோரும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அரிப்பு அடங்கச் சில வாரம் ஆகும், அதற்காகத் தினமும் பூசாதீர்கள்.

எலுமிச்சை, பூண்டு வைத்துத் தேய்ப்பது, கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது எல்லாம் தோலைப் புண்ணாக்கும். வேர்க்குருவுக்குக் காற்றும் பருத்தித் துணியும் போதும். கவரிங் நகை, ஹேர் டை பட்ட இடத்தில் அரித்தால் அதை விட்டால்தான் தீரும்.

தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு வாங்கினால் உடனே 108. மற்றபடி ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் எடுத்துப்போய், திட்டுவார்களோ என்று மறைக்காமல் காட்டுங்கள்.